சாமியைக் கட்டிய சங்கிலி

நாய் நெற்றியில் விபூதிப் பட்டை போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அப்படி இரண்டு மூன்று நாய்களையாவது பார்க்கலாம். பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்திச் சரமும் சுற்றியிருப்பார்கள். நெற்றியைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களில் ஒருவர்கூட வாலைப் பார்ப்பதில்லை. வால் காலுக்கு நடுவில் செருகியிருக்கும். பயந்துபோன நாய் அது என்று பால்வாடிக் குழந்தை கூடச் சொல்லிவிடும்.

எங்கள் நாய்க்கும் ஒரு காலத்தில் அந்தப் பட்டை இருந்தது. அதைத் துடைக்க நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கணவரின் ஊர் அடி அண்ணாமலை. மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதை மேலேயே இருக்கிற ஊர். அவர்களுக்கு அங்கே மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை போடுகிற நிலம், இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் பாதையோர நிலத்தையெல்லாம் மனையாக்க ஆள் வந்தபோது, அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் கூடிப் பேசி விற்றுவிட்டார்கள். பங்கு பிரிக்கும்போது பெரியவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். இரண்டாமவர் மோட்டாரையும் பைப்புகளையும் கழற்றிக்கொண்டு போனார். கொல்லையைக் காவல் காத்த செவலை நாய் எந்தப் பங்கிலும் வரவில்லை. காட்டுப்பன்றியை விரட்டப்போய் ஒரு காது கிழிந்தவன். எட்டு வருஷம் அந்தக் குடும்பத்துக்கு உழைத்தவன். அவனைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மூன்றாவது ஆள், என் வீட்டுக்காரர், அவனைக் கோணியில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு, மொபெட்டில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். எங்கள் பங்குக்கு வந்ததில் உயிருள்ளது அவன் ஒருவன்தான்.

அவனுக்குப் பெயர் கிடையாது. கொல்லையில் "தோ, தோ" என்று கூப்பிட்டால் வருவான், அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அப்போது நாங்கள் டவுனில், தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், நாலு போர்ஷன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலை. நான் வேங்கிக்கால் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மாடியில் வீட்டுக்கார அம்மா. கணவரை இழந்தவர், பிள்ளைகள் வெளியூர். கீழே நடுவில் சிமெண்ட் முற்றம், ஒரு அடிபம்பு, ஒரு முருங்கை மரம். மரத்தைச் சுற்றியும் சிமெண்ட். மண் என்று ஒரு பிடி கிடையாது.

நாயைப் பார்த்ததும் வீட்டுக்கார அம்மா போட்ட சட்டங்கள் இன்னும் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கின்றன. அவிழ்த்துவிடக் கூடாது. குரைக்கக் கூடாது. கோலத்தை மிதிக்கக் கூடாது. பம்பு பக்கம் வரக் கூடாது. ஊளையிட்டால் அன்றைக்கே வெளியேற்ற வேண்டும், ஏனென்றால் நாய் ஊளையிட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது, அந்த விலைக்கு டவுனில் வேறு போர்ஷன் கிடைக்காது. இரும்புச் சங்கிலி ஒன்று வாங்கி, முருங்கை மரத்தில் கட்டிப்போட்டோம்.

பிறந்தது முதல் கழுத்தில் ஒரு கயிறு கூட ஏறாத நாய் அவன். சங்கிலியின் நீளத்துக்குச் சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டே வாரத்தில் அந்தச் சிமெண்டில் வட்டமாக ஒரு தடம் விழுந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வேளைக்குச் சோறு வைத்தேன், தண்ணீர் வைத்தேன், என் கடமை முடிந்தது என்று ஆபீசுக்குக் கிளம்பிப் போனேன். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். அவனைக் கெடுத்தவர்களில் முதல் ஆள் நான்.

பக்கத்து போர்ஷன்காரர்கள் அவன் மேல் வெந்நீர் ஊற்றினார்கள். தவறிப் பட்டுவிட்டது என்றார்கள். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா விளக்குமாற்றை எறிந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டிலும் கறி வேகும். அவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பான். எலும்பெல்லாம் பின்பக்கச் சாக்கடைக்குப் போகும். முற்றத்தில் எலும்பு விழுந்தால் காக்கா இழுத்துப்போடும், அசிங்கமாகிவிடும் என்பது வீட்டுக்கார அம்மாவின் இன்னொரு சட்டம்.

மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, ஒரு பௌர்ணமியன்று சாயங்காலம் கொக்கி நழுவி ஓடிவிட்டான். எங்கள் சந்து முனையைத் தாண்டினால் கிரிவலக் கூட்டம். அதில் எங்கே போய்த் தேடுவது. என் வீட்டுக்காரர் கோபுரம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அடி அண்ணாமலைப் பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அங்கே இனிமேல் நமக்கு என்ன இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிலம் விற்றதில் அண்ணன்களோடு மனத்தாங்கல், அந்த ஊர்ப் பேரை எடுத்தாலே அவருக்கு ஆகாது.

மறுநாள் நான் ஆபீஸ் கிளம்புகிற நேரத்துக்கு அவனே வந்தான். நெற்றியில் பட்டை. கழுத்தில் யாரோ சுற்றிய கதம்பம். நாலு பாதமும் தேய்ந்து சிவந்திருந்தன. மடமடவென்று ஒரு குண்டான் தண்ணீர் குடித்துவிட்டு, சங்கிலிக்குப் பக்கத்தில் போய்த் தானாகப் படுத்தான். அப்படித் தானாகப் போய்ப் படுத்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அடுத்த பௌர்ணமிக்கும் அதேதான். அதற்கடுத்ததற்கும். அன்றைக்குச் சாயங்காலம் வந்தால் சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்து புண்ணாகிவிடும், பார்க்கப் பொறுக்காமல் நான் அவிழ்த்துவிடுவேன். மற்ற நாளில் அவிழ்த்துவிட்டாலும் சந்து முனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவான். அதையும் நான் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

இதில் அவன் மாட்டிக்கொண்டது மாதாமாதம் கிரிவலத்துக்கு மெட்ராஸிலிருந்து வீட்டுக்கார அம்மாவிடம் வந்து தங்குகிற உறவுக்காரர் ஒருவரிடம். அவர் பாதையில் இவனைப் பார்த்திருக்கிறார். மூன்று மாதமாகத் தவறாமல் மலையைச் சுற்றுகிற நாய் என்று தெரிந்ததும், சித்தர்கள் நாய் உருவத்தில் கிரிவலம் வருவார்கள், இது சாதாரண ஜீவன் இல்லை என்று மாடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். விளக்குமாறு எறிந்த அதே கை மறுநாள் காலையில் வெள்ளிக் கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வைத்தது.

நான் சாமி இல்லை என்று சொல்கிறவள் அல்ல. எனக்கும் மலை மேல் பக்தி உண்டு, நானும் வருஷத்தில் நாலைந்து முறை சுற்றுகிறவள்தான். எந்த உருவத்தில் யார் வருகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். ஆனால் முந்தாநாள் வரை வெந்நீர் ஊற்றிவிட்டு, சித்தர் என்று தெரிந்த பிறகு கும்பிடுவது என்ன பக்தி? வெறும் நாயாக இருந்தால் வெந்நீர் ஊற்றலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்? இதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எங்கள் போர்ஷனுக்குப் பம்பில் கூடுதலாக ரெண்டு குடம் தண்ணீர் கிடைத்தது, சாமி இருக்கிற வீடு என்று. வீட்டுக்கார அம்மா என்னிடம் சிரித்துப் பேசினார். இரண்டு மாதம் அந்தச் சுகத்தில் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு சாப்பாட்டுக்கு வந்தார்கள். சாமிக்குச் சைவம்தான். தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல், பால்கோவா, பஞ்சாமிர்தம். பௌர்ணமியன்று வெளியூர்க்காரர்கள் ஜிலேபி வாங்கிக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏதோ அவர்கள் புண்ணியத்தில் நான் மண் அள்ளிப் போடுவதுபோலப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி மட்டும் நாலு வீட்டிலும் நிற்கவில்லை. சாமியைத் தவிர எல்லாரும் சாப்பிட்டார்கள். ஒருநாள் நான் ஒரு எலும்பை அவன் பக்கம் போடப்போக, மாடியிலிருந்து குரல் வந்தது.

"சாமிக்குப் போயி எலும்பு போடுவாங்களாம்மா? படிச்சவ தானே நீ?"

அவன் எலும்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் எலும்பை எடுத்துச் சாக்கடையில் போட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த அம்மா மேல், மீதி என் மேல்.

கார்த்திகை தீபம் முடிந்த மாதம் அவனுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. முதுகில் வட்ட வட்டமாகத் தோல் தெரிந்தது. வயிறு ஊதி, வாயில் நாற்றம். பாதத்தில் பித்தவெடிப்பு மாதிரி பிளவுகள், அதில் யாரோ மஞ்சள் அப்பியிருந்தார்கள். மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். சாமிக்கு ஊசி போடுவாங்களா, திருநீறு போதும் என்று வீட்டுக்கார அம்மா வாசலை மறித்து நின்றார். என் வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். அவர், "இன்னா பண்றது, வாடகைக்கு இருக்கறோம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போ" என்றார். அட்ஜஸ்ட் பண்ணுகிறவன் முருங்கை மரத்தடியில் கட்டுண்டு கிடந்தான், அவரில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். அந்த அம்மா கோவிலுக்குப் போன நேரம் பார்த்து அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் என்னை விடச் சின்னப் பெண். முன்னால் ஒரு சினை மாடு, பின்னால் ஏழெட்டு ஆடு, அந்த நெருக்கடியில் அவனை மேசை மேல் ஏற்றிப் பார்த்தார். நெற்றியில் இருந்த பட்டையைப் பஞ்சால் துடைத்தார். சாப்பிட என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். நான் பட்டியலைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. இனிப்பை அடியோடு நிறுத்த வேண்டும், கறியோ முட்டையோ கண்டிப்பாக வேண்டும், தினமும் நடக்கவிட வேண்டும், மாதம் முழுக்கக் கட்டிப்போட்டுவிட்டு ஒரே நாளில் தார் ரோட்டில் அவ்வளவு தூரம் விட்டால் பாதம் என்னத்துக்கு ஆகும் என்று ஒரு பிடி பிடித்தார். இப்படியே விட்டால் வருஷம் தாண்ட மாட்டான் என்றார். நான் கிரிவலம், பக்தர்கள் என்று ஏதோ இழுத்தேன்.

"நாய்க்கு இன்னா வேணும்னு நாயைப் பாத்துத் தெரிஞ்சிக்கோங்க மேடம். வர்றவங்க போறவங்கள ஏன் கேக்கறீங்க?" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. இத்தனை பௌர்ணமியாக அவன் எங்கே போகிறான் என்று ஒருமுறை கூட நான் பின்னால் போய்ப் பார்த்ததில்லை. மலையைச் சுற்றுகிறான் என்று எல்லாரும் சொன்னதை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பௌர்ணமி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையிலேயே திதி ஆரம்பம், மதியத்துக்கெல்லாம் கூட்டம் நடக்கத் தொடங்கிவிட்டது. அவனை அவிழ்த்துவிட்டு, பத்தடி இடைவெளியில் நானும் கிளம்பினேன்.

எங்கள் சந்து முனையில் ஒரு டீக்கடை. அங்கே மூன்று தெருநாய்கள் உண்டு. அன்றைக்கு மூன்றும் பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடந்தன. அத்தனை கால்களுக்கு நடுவில் வெளியே வர அவற்றுக்கு வழியில்லை. இவன் கூட்டத்தின் நடுவில் புகுந்து, வாலைச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று போனான். செங்கம் ரோடு திருப்பத்தில் இன்னொரு கும்பல் நாய்கள், அவையும் ஒதுங்கிக் கிடந்தன. பாதை நெடுக இப்படித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற நாளில் அவன் சந்து முனையோடு திரும்பிவிடுவது இதற்காகத்தான். ஒவ்வொரு தெருவிலும் அந்தத் தெரு நாய்கள் வெளிநாயை விடாது. பௌர்ணமி ஒரு நாள்தான் கூட்டம் அவற்றையெல்லாம் அடக்கி வைக்கிறது. அவன் திதி பார்த்துப் போகவில்லை. வழி கிடைக்கிற நாள் பார்த்துப் போனான்.

வழியில் ஒரு குடும்பம் அவனை நிறுத்தி, குழந்தையின் கையைப் பிடித்து அவன் முதுகைத் தொடவைத்தது. இன்னொருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து பட்டை போட்டார். எல்லாவற்றுக்கும் அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அந்தக் கண் மூடலைத்தான் தியானம் என்று சொன்னார்களாம். வெந்நீர் வாங்கின நாய் கை ஓங்கினால் கண்ணை மூடும், அவ்வளவுதான் விஷயம்.

அடி அண்ணாமலை வந்ததும் கூட்டம் நேராகப் போனது. அவன் இடது பக்கம் ஒடித்துச் சின்ன வழியில் இறங்கினான். அங்கேதான் வாலைப் பார்த்தேன். மேலே வந்துவிட்டது. தலை நிமிர்ந்துவிட்டது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போனான். எங்கள் பழைய கொல்லை இருந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டு, மனை பிரித்திருந்தார்கள். மோட்டார் கொட்டகை இடித்துக் கிடந்தது. அந்த இடத்துக்குப் போய், செம்மண்ணில் முதுகைப் போட்டு, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு புரண்டான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், திரும்பவும் இந்தப் பக்கம். எட்டு மாதத்தில் அவன் புரண்டு நான் பார்த்ததே இல்லை. சிமெண்டில் எங்கே புரள்வது.

பக்கத்து வீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அவனை அடையாளம் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வருகிறான், விடியும் வரை இங்கேயே கிடக்கிறான், பிறகு கடைசிக் கூட்டத்தோடு போய்விடுகிறான் என்றாள். வந்த வழியே திரும்ப முடியாது, ஜனம் எல்லாம் ஒரே திசையில்தான் போகும். அதனால் முன்னோக்கியே நடந்து, மிச்ச மலையையும் சுற்றிக்கொண்டு டவுனுக்கு வந்து சேர்கிறான். இதுதான் எங்கள் சித்தரின் கிரிவலம். ஏன் எங்களிடம் திரும்பி வந்தான் என்று கேட்டால், பாசம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே அவனுக்குச் சோறு போட ஆள் இல்லை, அதுதான் நிஜம்.

ஒரு மனைக்கல்லின் மேல் உட்கார்ந்து நான் அழுதேன். அழுகையை விடக் கோபம்தான் ஜாஸ்தி. வீட்டுக்குப் போக வழி தேடின பிராணியை மறித்து மறித்துப் பட்டை போட்டு, ஜிலேபி ஊட்டி, சாகிற வரைக்கும் கொண்டுவந்திருக்கிறோம். இதற்குப் பெயர் பக்தி.

வீட்டில் வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொட்டகை இருந்த இடத்திலா புரண்டான் என்று ஒரு தடவை கேட்டார். பிறகு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் ஏரிப் பக்கமிருந்து இரண்டு மூட்டை செம்மண் கொண்டுவந்து, முற்றத்தின் மூலையில் கொட்டினார். சாமி படுக்க என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னார். என் வீட்டுக்காரர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மண்ணைச் சுற்றிக் கோலம் போட்டுவிட்டார் அந்த அம்மா.

அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். கையில் ஒரு பை, பையில் பொறை ரொட்டி. முதல் வாரம் டீக்கடை வரைதான். மூன்று நாய்களும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தன. சங்கிலியை இழுத்துப் பிடித்தால் இவனும் விறைத்துக்கொள்கிறான் என்று தெரிந்தது. அதனால் சங்கிலியைத் தளரவிட்டு, ஆளுக்கு ஒரு பொறை போட்டுவிட்டு, நானும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். டீக்கடைக்காரர் சிரித்தார். பொம்பளை காலையில் டீக்கடையில் உட்காருவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது, பார்க்கட்டும் என்று உட்கார்ந்தேன். பத்தாவது நாள் அவை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. அடுத்தது வளையல் கடை முனை. அதற்கடுத்தது சினிமா தியேட்டர் பின்புறம், அங்கே ஒரு கறுப்பு நாய் மட்டும் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது. ஒரு தெருவைத் தாண்ட ஒரு வாரம், இரண்டு வாரம் ஆனது. சங்கிலியைப் பிறகு கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டேன். கடைசியில் கழற்றி முருங்கைக் கிளையில் மாட்டிவிட்டே கிளம்பினேன்.

ஏரிக்கரைக்குப் போனதும் டிபன் பாக்ஸைத் திறப்பேன். மேல் தட்டில் எனக்கு இட்லி. கீழ்த் தட்டில் அவனுக்கு வேகவைத்த முட்டை, ஞாயிற்றுக்கிழமையானால் எலும்பு. அவன் எலும்பைக் கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே நான் இட்லி சாப்பிடுவேன். பிறகு அவனை வீட்டில் விட்டுவிட்டு, அவசர அவசரமாக ஆபீசுக்கு ஓடுவேன். பல நாள் லேட். திட்டு வாங்கினேன். வீட்டில் ஜிலேபி தட்டு வந்தால் நான் வாங்கி உள்ளே வைத்து, அவனுக்குக் காட்டாமல் டீக்கடைப் பையன்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

மூன்று மாதத்தில் முதுகில் முடி முளைத்தது. ஐந்தாவது மாதம், ஒரு சாதாரண நாளில், கூட்டமே இல்லாத பாதையில், அடி அண்ணாமலை வரை நானும் அவனும் நடந்தே போனோம். மனையில் அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். அவன் குழியை எட்டிப் பார்த்தான், செங்கல் குவியலை மோந்தான், காலைத் தூக்கி ஒரு கல்லை நனைத்தான். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, போகலாமா என்கிற மாதிரி பார்த்தான். வந்த வழியே திரும்பினோம்.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம் எங்கள் முற்றத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். தட்டு, கற்பூரம், மாலை எல்லாம் தயார். மெட்ராஸ் உறவுக்காரரும் இருந்தார். சாமியை வழியனுப்பிவிட்டுத்தான் இவர்கள் நடக்க ஆரம்பிப்பார்கள், அது வழக்கமாகிவிட்டிருந்தது. அவன் தன் செம்மண்ணில் மல்லாந்து கிடந்தான். வயிறு முழுக்க மண். வீட்டுக்கார அம்மா குனிந்து, நேரமாகிவிட்டது, எழுந்திரு சாமி என்றார். அவன் படுத்தபடியே வாலை ரெண்டு தட்டுத் தட்டினான். மறுபடி கூப்பிட்டார். அவன் கொட்டாவி விட்டான். அந்த அம்மா முருங்கைக் கிளையிலிருந்து சங்கிலியை எடுத்து அவன் கழுத்தில் மாட்டி இழுக்க ஆரம்பித்தார்.

"விடுங்கம்மா. அவனுக்குப் போவ இஷ்டமில்ல."

"சாமிக்கு இஷ்டமில்லன்னு நீ சொல்றியா?"

"சாமி இல்லம்மா. நாயி."

சொல்லிவிட்டேன். மாதக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்த சொல். அவர் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு, நிமிர்ந்து, என்ன தின்னக் கொடுத்தாய் என்று கேட்டார். இதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பும் இல்லை, ஆசையும் இல்லை. முட்டை, எலும்பு, ஆட்டுக்கால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாட்டாஸ்பத்திரி ஊசியையும் சொன்னேன். அவன் அடி அண்ணாமலையில் எங்கே போய்ப் புரண்டான் என்பதையும் சொன்னேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆட்டுக்காலிலேயே நின்றுவிட்டார்கள். மெட்ராஸ்காரர் சாமி விலகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். யாரோ கற்பூரத்தை ஊதி அணைத்தார்கள்.

வீட்டுக்கார அம்மா படியேறும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க. நாய் வெச்சிருக்கறவங்களுக்கு வீடு குடுக்கறதில்ல."

பார்த்துக்கொள்ளுங்கள். நோயில் கிடந்தவன், முடி கொட்டினவன், பாதம் வெடித்தவன் சாமியாக இருக்கலாம். தின்று, நடந்து, மண்ணில் புரண்டு, கொட்டாவி விடுகிறவன் இருக்கக் கூடாது.

வேங்கிக்கால் பக்கம், அப்போதுதான் வீடுகள் வர ஆரம்பித்திருந்த ஒரு தெருவில் இடம் பார்த்தோம். சுற்றிலும் காலி மனை. டவுனிலிருந்து தூரம்தான், கடை கண்ணி கம்மி, ஆனால் மண் இருந்தது. மாசக் கடைசியில் மினி லாரி வந்தது. கட்டில், பீரோ, குடங்கள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவன் முன்சீட்டில் டிரைவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து, எல்லாரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சாவியைக் கொடுக்க மாடிக்குப் போனேன். அந்த அம்மா சாவியை வாங்கிக்கொண்டார். நான் படியிறங்கும்போது கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அந்தச் சங்கிலிய மட்டும் குடுத்துட்டுப் போ. சாமி இருந்தப்போ கட்டினது. பூஜை ரூம்ல வெச்சிக்கறேன்."

மன்னிப்பு கேட்பார் என்று ஒரு நொடி நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கீழே போனேன். சங்கிலி முருங்கைக் கிளையில் தொங்கியது. கழுத்து வளையத்தில் இன்னும் அவன் செவலை முடி ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே கொண்டுவந்து கொடுத்தேன். அவர் தட்டில் ஏந்தி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டுகிறாராம், டீக்கடைக்காரர் சொன்னார். எங்களிடம் அவன் இன்னும் ஆறு வருஷம் இருந்தான். வேறு சங்கிலி நாங்கள் வாங்கவில்லை.